கனவுக்குள் போவதும் கனவிலிருந்து வருவதும்

விடியற்காலையில் காணும் கனவு பலிக்கும் என்ற நம்பிக்கை தமிழர்களிடையே பழையது. பொன்னவன் இயற்றியதாகச் சொல்லப்படும் கனாநூல் இரவை யாமங்களாகப் பிரித்து, எந்த யாமத்தில் கண்ட கனவு எவ்வளவு காலத்துக்குள் பலிக்கும் என்று வரையறை தருகிறது. விடியலை நெருங்க நெருங்கக் காத்திருக்க வேண்டிய காலம் குறைகிறது. மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் இதை ஒதுக்கிவிடலாம். எதைக் கவனித்ததால் இப்படியொரு நம்பிக்கை உண்டானது என்று கேட்டால்தான் விஷயம் சுவையாகிறது. 1951 டிசம்பரில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவரான யூஜின் அசரின்ஸ்கி, தம் எட்டு வயது மகனின் கண்களருகில் மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்தார். நல்ல தூக்கத்தின் நடுவே, மூடிய இமைகளுக்குள் கண்கள் விழித்திருப்பவருடையவை போல விரைந்து அசைவதைக் கருவி வரைந்து காட்டியது. 1953இல் அவரும் அவருடைய ஆசிரியர் நதானியல் கிளைட்மனும் வெளியிட்ட இந்தக் கண்டுபிடிப்பே இன்று ரெம் தூக்கம் எனப்படுகிறது. அந்தக் கட்டத்தில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் தெளிவான கனவு ஒன்றைச் சொன்னார்கள். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் ரெம் கட்டம் இரவின் தொடக்கத்தில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விடியும் தறுவாயில் அரைமணி வரைகூட நீளும். ஆகவே விடியற்கனவு நீளமானது, கதைக்கோப்பு உள்ளது, அதிலிருந்து நேரே விழிப்பதால் நினைவிலும் தங்குகிறது. அதற்குத் தனி வலிமை உண்டு என்று முன்னோர் கவனித்தது சரி. அந்த வலிமை எதிர்காலத்தைச் சேர்ந்தது என்று முடிவுகட்டியதில்தான் பிசகு.

கனவுக்கும் நடப்புக்கும் என்ன உறவு என்ற கேள்வியின் வரலாறு முழுவதிலும் இதே பிசகைப் பார்க்கலாம். உறவு இருப்பதை எல்லாக் காலத்தவரும் உணர்ந்தார்கள். அதன் திசையை மாற்றிப் படித்தார்கள். கிடைக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாகப் படுவது இதுதான்: நடப்பிலிருந்து கனவுக்குள் போகிறவை பெரும்பாலும் நம் அக்கறைகளும் அச்சங்களும் ஆசைகளும், நிகழ்ச்சிகள் நடந்தபடியே போவது அரிது. கனவிலிருந்து நடப்புக்குத் திரும்பி வருவதிலோ, விழித்தவர் அதற்குக் கொடுத்த வடிவமே பெரும்பங்கு. தமிழ் இலக்கியத்தில் இரண்டு பார்வைகளும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கண்ட கனவும் பாண்டிமாதேவி கண்ட கனவும் வரப்போகும் கேட்டை முன்கூட்டிச் சொல்கின்றன. காப்பியத்தில் கனவு பலிக்காமல் போகவே போகாது. முடிவு தெரிந்த ஆசிரியர் அல்லவா அதை எழுதுகிறார்? அகப்பாட்டின் வழி வேறு. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையாரின் தலைவி பொய்க்கனவில் ஏமாந்து வெறும் படுக்கையைத் தடவுகிறாள். திருக்குறளின் ‘கனவுநிலை உரைத்தல்’ அதிகாரத்துத் தலைவி, நனவில் வராதவன் கனவிலாவது வருகிறான் என்று கனவுக்கு நன்றி சொல்கிறாள். அங்கே கனவு எதையும் அறிவிப்பதில்லை. பகல் முழுதும் மனத்தை அரித்த ஏக்கம் இரவில் உருவம் பெறுகிறது, அவ்வளவே. பிற்கால ஆய்வுக்கூடங்கள் காப்பியப் புலவரைவிட அகப்புலவர் பக்கமே சாய்கின்றன என்பது என் கணிப்பு.

முதலில் உள்ளே போவதைப் பார்ப்போம். கனவு கண்டவரிடம் கேட்டால், முந்தின நாள் நடந்ததுதான் வந்தது என்று சொல்வார். மகதலீனா ஃபாஸ்ஸும் அவருடைய குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. 29 பேர் இரண்டு வாரம் நாட்குறிப்பும் கனவுக்குறிப்பும் எழுதினார்கள். 299 கனவுகள் சேர்ந்தன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பகல் வாழ்வின் ஏதோ ஒரு கூறு இருந்தது. ஒரு நிகழ்ச்சி நடந்த இடத்தோடும் ஆட்களோடும் செயலோடும் அப்படியே திரும்ப வந்ததோ நூற்றுக்கு ஒன்று இரண்டு கனவுகளில்தான். தூங்கும் மூளை நாளைப் படம்பிடித்து ஓட்டிக் காட்டுவதில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. அதற்கு முன்பே, 2000இல், ராபர்ட் ஸ்டிக்கோல்ட் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டியிருந்தார். டெட்ரிஸ் என்ற கணினி விளையாட்டைப் பலரை நாள்கணக்கில் ஆடவைத்து, தூக்கம் கண்ணைச் சுழற்றும் வேளையில் என்ன தெரிகிறது என்று கேட்டார். கட்டங்கள் விழுவது தெரிகிறது என்றார்கள். ஆடியவர்களில் ஐவர் மூளைச் சேதத்தால் புதிய நினைவுகளைப் பதிய முடியாதவர்கள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. அந்த ஐவரில் மூவரும் கட்டங்கள் விழுவதைக் கண்டார்கள். நிகழ்ச்சி நினைவிலிருந்து அழிந்த பிறகும் அதன் சாயல் தூக்கத்தின் வாசலுக்கு வந்து சேர்கிறது. ‘நேற்று இது நடக்கவே இல்லையே, கனவில் எப்படி வந்தது?’ என்று வியப்பவர்கள் இந்த மூவரை நினைத்துக்கொள்ளலாம்.

எது உள்ளே போகிறது என்பதைச் செலவழித்த நேரம் தீர்மானிப்பதில்லை. எர்னஸ்ட் ஹார்ட்மன் கனவுகளில் படிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் தேடினார். நாளொன்றுக்குச் சராசரியாக ஆறு மணி நேரம் இவற்றிலேயே கழிப்பவர்களின் கனவுகளில்கூட இவை அநேகமாக வருவதே இல்லை. கணக்குப்பிள்ளையின் கனவில் பேரேடு வராது. பேரேட்டில் பணம் குறைந்துவிட்டதோ என்ற பயம் வரும். இந்த வேறுபாட்டை மிகக் கூர்மையாகக் காட்டும் ஆவணம் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. பெர்லினில் பத்திரிகையாளராக இருந்த யூதப் பெண் சார்லட் பெராட், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததிலிருந்து 1939இல் தாம் நாட்டைவிட்டு வெளியேறும்வரை, அறிந்தவர் தெரிந்தவர்களின் கனவுகளை ரகசியமாகச் சேகரித்தார். சுமார் 300 பேரின் கனவுகள். குறிப்புகளைப் புத்தக அட்டைகளுக்குள் ஒளித்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். நூலாக வெளிவந்தது 1966இல். ஆட்சி மாறிய மூன்றாம் நாள் ஒரு தொழிற்சாலை முதலாளி கண்ட கனவு அதில் உள்ளது: கோயபல்ஸ் தொழிற்சாலைக்கு வருகிறார், தொழிலாளிகள் முன்னிலையில் முதலாளி வணக்கம் செய்யக் கையைத் தூக்க முயல்கிறார், கை மேலே போய்ச் சேர அரைமணி நேரம் ஆகிறது. 1934இல் ஒரு மருத்துவர் வீட்டில் ஓய்வாகப் படித்துக்கொண்டிருப்பதாகக் கனவு காண்கிறார். திடீரென்று சுவர்கள் மறைகின்றன. சுவர்களை ஒழிக்கும் அரசாணை ஒலிபெருக்கியில் கேட்கிறது. இப்படி எதுவும் அவர்களுக்கு நடந்திருக்கவில்லை. ஆயினும் அந்த ஆட்சி மனிதர்களை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அன்றைய செய்தித்தாள்கள் சொன்னதைவிட இவை சரியாகச் சொல்கின்றன. பெரும்பான்மையோர் வாய்விட்டுச் சொல்லத் துணியாத அச்சம் உடம்பாகவும் வீடாகவும் மாறியிருக்கிறது. இதைத் தீர்க்கதரிசனம் என்று படிக்க ஆசை வரும். ஆனால் மூன்று நாளில் அந்த முதலாளியின் கை கனத்துப்போனதற்கு எதிர்காலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுற்றி நடப்பது தெரிந்திருந்தால் போதும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நடப்பே கனவின் கச்சாப் பொருள் என்றால், பிறவியிலேயே கால் செயலற்றவர்கள் கனவில் நடப்பது எப்படி? ஊர்சுலா ஃபாஸ் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப்பட்டவர்களும் பிறவியிலேயே காது கேளாத, பேச இயலாதவர்களும் தங்கள் கனவுகளில் நடந்தார்கள், ஓடினார்கள், கேட்டார்கள், பேசினார்கள். பங்கேற்றவர்கள் மிகச் சிலரே என்றாலும் இதை ஒதுக்க முடியாது. இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு செய்தி இருக்கிறது: பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் கனவுகள் பெரும்பாலும் ஒலியும் தொடுகையும் மணமுமாகவே அமைகின்றன, ஏழு வயதுக்குப் பின் பார்வை இழந்தவர்களோ பல ஆண்டுகள் கனவில் பார்க்கிறார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால், நாள் அனுபவத்தின் நகல் என்ற எளிய விளக்கம் உடைகிறது. நடப்பவர்களை நாள்தோறும் பார்க்கிறவரின் மூளையில் நடையைப் பற்றிய அறிவு உண்டு. ஒளியையே அறியாத மூளையில் நிறத்துக்கு இடமில்லை. கனவு தன் உலகைக் கட்டுவது அனுபவித்ததிலிருந்து மட்டுமல்ல, அறிந்தவை அனைத்திலிருந்தும் என்று திருத்திக்கொண்டால் மறுப்பு வாதத்தை முறிப்பதற்குப் பதில் செம்மையாக்குகிறது. இன்னொரு மறுப்பு, ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் 1977இல் முன்வைத்தது: மூளைத்தண்டிலிருந்து எழும் ஒழுங்கற்ற தூண்டல்களுக்கு மேல்மூளை ஏதோ ஒரு கதை கட்டுகிறது, அதுதான் கனவு. ஃப்ராய்டியரின் மிகை விளக்கங்களுக்கு இது நல்ல மருந்தாக இருந்தது. ஆயினும் முன்மூளையின் குறிப்பிட்ட பகுதிகள் சிதைந்தவர்களுக்கு ரெம் தூக்கம் குறையாதிருந்தும் கனவு நின்றுபோவதை 1997இல் மார்க் சோம்ஸ் தொகுத்துக் காட்டினார். சிதைந்தவற்றில் ஒன்று விருப்பத்தோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய பகுதி. தூண்டல் எங்கிருந்து வந்தாலும், கதையைக் கட்டுவது விரும்பவும் அஞ்சவும் தெரிந்த மூளைதான்.

இனி வெளியே வருவது. பலிக்கும் கனவுகளின் பட்டியல் எல்லா மொழியிலும் நீளமானது. அதைச் சோதிக்க உதவும் இரண்டு நிகழ்ச்சிகள் இருபதாம் நூற்றாண்டில் வாய்த்தன. 1932 மார்ச் 1 அன்று அமெரிக்க விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்கின் குழந்தை கடத்தப்பட்டது. குழந்தையின் கதி தெரியவரும் முன்பே, ஹார்வர்ட் உளவியலாளர் ஹென்றி மர்ரே, குழந்தையைப் பற்றிக் கனவு கண்டவர்கள் எழுதி அனுப்புமாறு செய்தித்தாள் வழியே கேட்டார். 1,300க்கும் மேற்பட்ட கனவுகள் வந்தன. மே மாதம் குழந்தையின் உடல், மரங்களுக்கிடையே ஆழமில்லாத குழியில் கிடைத்தது. வந்திருந்த கனவுகளில் குழந்தை இறந்துவிட்டதாகக் கண்டவை சுமார் ஐந்து விழுக்காடு. சாவு, குழி, மரங்கள் மூன்றும் இருந்தவை நான்கே நான்கு. மறுபக்கம், 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவுமலை பள்ளிக்கூடத்தின்மேல் சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு மனநல மருத்துவர் ஜான் பார்க்கர், இதை முன்பே உணர்ந்தவர்கள் எழுதலாம் என்று லண்டன் செய்தித்தாளில் கேட்டபோது 76 பேர் எழுதினார்கள். பல கடிதங்கள் படிப்பவரை உலுக்குபவை. ஆனால் ஒரே வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது: மர்ரேயின் கைக்கு வந்தவை விடை தெரியும் முன் எழுதப்பட்டவை, பார்க்கரிடம் வந்தவை விடை தெரிந்த பின் நினைவிலிருந்து எடுக்கப்பட்டவை. ஓர் இரவில் கோடிக்கணக்கானோர் கனவு காண்கிறார்கள். அந்தக் கனவுகளில் ஒன்றுகூடப் பொருந்தாமல் இருந்தால்தான் அதிசயம். அரிஸ்டாட்டிலே பெரும்பாலான கனவுப் பலன்களைத் தற்செயல் என்றுதான் எழுதினார். உடம்புக்குள் தொடங்கும் நோயின் சிறு அறிகுறி பகலின் சந்தடியில் தெரியாமல் கனவில் பெரிதாகத் தெரியலாம் என்ற ஒரு விலக்கை மட்டும் அவர் அனுமதித்தார். அது நியாயமான விலக்கு.

கனவில் கிடைத்த கண்டுபிடிப்புகளுக்கும் இதே அளவுகோலைப் பொருத்தலாம். பாம்பு தன் வாலைக் கவ்விய காட்சியில் பென்சீன் வளையத்தைக் கண்டதாக வேதியியலாளர் கெக்குலே சொன்னது 1890இல், பெர்லின் விழா ஒன்றில். அமைப்பை அவர் வெளியிட்டது 1865இல். இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரு கதை எவ்வளவு மெருகேறும் என்று வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுவதில் தவறில்லை. ஓட்டோ லோவியின் கதை நம்பத்தக்கது. நரம்பு தன் செய்தியை வேதிப்பொருள் வழியே கடத்துகிறதா என்பதைச் சோதிக்கும் முறை அவருக்கு இரவில் தோன்றியது. எழுதிவைத்ததைக் காலையில் படிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அது மீண்டும் வந்தபோது எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதித்தார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் கருத்து பதினேழு ஆண்டுகளாகத் தம்மிடம் கிடந்தது என்பதை லோவியே சொன்னார். நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரங்களைத் தந்ததாக இராமானுஜன் நம்பியதும் எல்லாருக்கும் தெரிந்தது. பகலெல்லாம் கற்பலகையில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்த கணக்குகள் எவ்வளவு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கணக்கு அறியாத நாமக்கல் பக்தர் ஒருவர் கனவில் முடிவிலித் தொடர் கண்டதாக வரலாறு இல்லை. இராமானுஜனின் பக்தியை இதனால் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது அவருடைய மனம் வேலை செய்த மொழி.

கனவு விழிப்புக்கு வரும் வழியில் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு நிறம் ஒரு நல்ல சாட்சி. 1942இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர் 277 பேரிடம் கேட்டபோது, ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் கனவில் நிறங்களைப் பார்ப்பது அரிது அல்லது இல்லை என்றார்கள். அதே கேள்வியைத் தத்துவ அறிஞர் எரிக் ஷ்விட்ஸ்கேபல் 2001இல் மீண்டும் கேட்டபோது அப்படிச் சொன்னவர்கள் சுமார் 18 விழுக்காடு. இடைப்பட்ட காலத்தில் மாறியது திரைப்படமும் தொலைக்காட்சியும். கறுப்பு வெள்ளைப் படங்கள் வருவதற்கு முந்திய நூற்றாண்டுகளில் கறுப்பு வெள்ளைக் கனவைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. சினிமா கனவுகளையே மாற்றியதா, கனவைப் பற்றி நாம் சொல்லும் விதத்தை மட்டும் மாற்றியதா? ஷ்விட்ஸ்கேபல் இரண்டாவதை நோக்கியே சாய்கிறார். அது சரியென்றால், நாள்தோறும் காணும் ஒன்றின் நிறத்தைக்கூட நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதையே எல்லைவரை கொண்டுபோனவர் நார்மன் மால்கம். தூக்கத்தில் அனுபவம் என்று ஒன்று நிகழ்வதாகச் சொல்வதற்கே பொருளில்லை, விழித்தபின் சொல்லும் கதைக்கு அப்பால் கனவு இல்லை என்று 1959இல் வாதிட்டார். நான் மேலே சொன்னதன் இயல்பான முடிவு இதுதானே என்று ஒருவர் கேட்கலாம். இல்லை, இங்கே எதிர்ச்சான்று தெளிவாக இருக்கிறது. ரெம் தூக்கத்தில் தசைகள் முடங்கியிருக்க வேண்டும். அந்த முடக்கம் தளர்ந்த நோயாளிகள் கனவில் சண்டையிடுவதையும் ஓடுவதையும் படுக்கையிலேயே செய்துவிடுவதை 1986இல் கார்லோஸ் ஷெங்க்கும் மார்க் மகோவால்டும் விவரித்தார்கள். கனவு காண்கிறோம் என்று கனவுக்குள்ளேயே அறிபவர்கள் முன்பே பேசிவைத்தபடி கண்களை அசைத்துத் தூக்கத்துக்குள்ளிருந்து சைகை காட்ட முடியும் என்பதை 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்னும், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லாபெர்ஜும் நிறுவினார்கள். 2021இல் நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இன்னும் ஒரு படி போயின: தூங்குபவரிடம் எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்க, அவர் கண்களை இருமுறை அசைத்தார். இப்படிச் சரியான விடை வந்தது 158 முயற்சிகளில் சுமார் 18 விழுக்காட்டில்தான். பெரும்பாலான கேள்விகளுக்கு விடையே இல்லை. ஆனாலும் விழித்தபின் புனைந்த கதைதான் கனவு என்ற வாதத்துக்கு இது போதுமான பதில். கனவு இரவில் நிகழ்கிறது. நாம் அறிவது அதன் காலைப் பதிப்பை.

கனவுதான் நனவும் என்று சொல்லும் பழைய தத்துவ வாதத்தையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். புறப்பொருள் இல்லாமலே கனவில் இடமும் காலமும் ஒழுங்காகத் தோன்றுகின்றனவே, நனவும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்று பௌத்த ஆசிரியர் வசுபந்து கேட்டார். கௌடபாதர் மாண்டூக்ய காரிகையில் இரண்டு நிலைகளையும் ஒரே தட்டில் வைத்தார். அவருடைய மரபில் வந்த சங்கரர் பிரம்ம சூத்திர உரையில், விஞ்ஞானவாத பௌத்தரை மறுக்கும் இடத்தில், பிரித்துச் சொல்கிறார்: கனவில் கண்டது விழித்ததும் பொய்யாகிறது, நனவில் கண்ட தூண் எந்த நிலையிலும் அப்படிப் பொய்யாவதில்லை; கனவு நினைவின் வேலை, நனவு நேரறிவு. மாயாவாதி என்று பெயரெடுத்தவரிடமிருந்து வரும் இந்த நிதானம் கவனிக்கத்தக்கது. 1641இல் தேக்கார்த் தம் ஆறாம் தியானத்தில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்தார்: நனவின் நிகழ்ச்சிகளை நினைவு வாழ்வின் தொடர்ச்சியோடு கோக்கிறது, கனவுகளை அப்படிக் கோக்க முடிவதில்லை. அந்தத் தொடர்ச்சியையே கனவு கண்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தருக்கத்தால் விடை சொல்ல முடியாது. சொல்ல முடியாததால் எதுவும் கெட்டுப்போவதும் இல்லை. நேற்றைய தூணில் இன்றும் முட்டிக்கொள்கிறோம், பிறரும் முட்டிக்கொள்கிறார்கள். கனவின் தூணுக்கு அந்த இரண்டும் இல்லை.

கனவு பொய்யாகும் என்பதால் அதன் விளைவும் பொய்யாகாது. கேரி மோர்வெட்ஜும் மைக்கேல் நார்ட்டனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் பயணிகளிடம் நான்கு நிலைமைகளைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். விமான விபத்தைக் கனவில் கண்டால் பயணத்தைத் தவிர்க்கக்கூடும் என்று சொன்னவர்கள், அரசு எச்சரித்தால் தவிர்க்கக்கூடும் என்றவர்களைவிட அதிகம். அதே வழித்தடத்தில் உண்மையாகவே விபத்து நடந்தால் ஏற்படும் தயக்கத்துக்கு அது ஏறக்குறைய சமமாக இருந்தது. அதே ஆய்வு காட்டிய இன்னொன்று முக்கியமானது: தங்கள் விருப்பத்துக்கும் நம்பிக்கைக்கும் இசைந்த கனவுகளையே மக்கள் பொருளுள்ளவையாக எடுத்துக்கொண்டார்கள். கனவு நடப்பை மாற்றுகிறது, ஆனால் எந்தக் கனவு மாற்றலாம் என்று முடிவு செய்கிறவர் விழித்திருப்பவர்.

அந்த முடிவு உள்நோக்கியும் வேலை செய்யும் என்பதைக் கொடுங்கனவுச் சிகிச்சை காட்டுகிறது. பாரி க்ராகோ 2001இல் சோதித்துக் காட்டிய முறை எளிமையானது: திரும்பத் திரும்ப வரும் கொடுங்கனவை எழுது, விரும்பியபடி அதன் போக்கை மாற்று, மாற்றிய கதையைப் பகலில் சில நிமிடம் மனத்துக்குள் ஓட்டிப் பார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொடுங்கனவில் அவதிப்பட்ட பெண்களுக்கு அந்தக் கனவுகள் குறைந்தன. கனவு மாறியதா, கனவைச் சொல்லும் முறை மாறியதா என்று மால்கம் வழிவந்தவர்கள் இங்கும் கேட்கலாம். 2022இல் ஜெனீவாவில் லாம்ப்ரோஸ் பெரோகம்வ்ரோஸ் குழுவினர் 36 நோயாளிகளிடம் நடத்திய சோதனை அதற்கு ஒரு வழியில் பதிலளிக்கிறது. எல்லாரும் ஒரே சிகிச்சையைப் பெற்றார்கள். பாதிப்பேர் மட்டும் மாற்றிய கதையை நினைக்கும்போது ஒரு பியானோ ஒலியைக் கேட்டார்கள். பிறகு இரண்டு வாரம், ரெம் தூக்கத்தின்போது அந்த ஒலி எல்லாருக்கும் மெல்ல ஒலிக்கப்பட்டது. ஒலியைக் கதையோடு இணைத்துக்கொண்டவர்களுக்கே கொடுங்கனவுகள் அதிகம் குறைந்தன; மகிழ்ச்சிக் கனவுகளும் கூடின; மூன்று மாதம் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. கனவைச் சொல்லும் விதம் மட்டும் மாறியிருந்தால், இரு பிரிவினரும் உறக்கத்தில் ஒன்றுபோலக் கேட்ட ஒலியால் இந்த வேறுபாடு வந்திருக்காது.